கல்கத்தாவில் பிறக்காத பிள்ளைகள்

உலகத்தில் இருக்கிற அத்தனை கணினிகளோடும் ஒரே மூச்சில் சண்டை பிடித்துவிட்டு, ஒன்றோடும் சமாதானமாகாமல் இன்றைக்கும் தலைநிமிர்ந்து திரிகிற ஒரேயொரு மனிதரை எனக்குத் தெரியும். அவருக்குக் கணினியைத் திறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது. அதனால் என்ன, சண்டை பிடிக்கத் தெரியும். கிளிநொச்சிப் பக்கத்துக் கண்டாவளையில் அவரை 'அரைமணி மிஸ்ஸி' என்பார்கள். அவருக்கும் பெற்றவர்கள் வைத்த ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இதுவரை வரவில்லை.

மிஸ்ஸி என்றால் எங்கள் பக்கத்தில் தாதி. இவர் பிரசவம் பார்க்கிற மிஸ்ஸி. சண்டைக்காலம் முழுக்க வன்னிக்குள் நின்று, கொட்டிலிலும் மரத்தடியிலும் பள்ளிக்கூட வாங்கிலும் பிள்ளை பிறப்பித்தவர். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஆள் குள்ளம், குரல் நெடுப்பம். கையில் எப்போதும் ஒரு கறுத்தக் குடை இருக்கும். அதை மழைக்கோ வெயிலுக்கோ விரித்து நான் கண்டதில்லை. மற்றவர்களுடைய மேசையில் தட்டுவதற்குத்தான் அந்தக் குடை.

அந்த 'அரைமணி' பட்டத்துக்கு ஊரில் இரண்டு விளக்கங்கள் உண்டு. முதலாவது, எந்த விசேஷத்துக்கும் அவர் அரைமணி பிந்தித்தான் வருவார். பூப்புனித நீராட்டு விழாவுக்கு வந்தால் பந்தி முடிந்திருக்கும். செத்தவீட்டுக்கு வந்தால் பிரேதம் போயிருக்கும். பிந்தி வந்ததற்காக அவர் வெட்கப்பட்டதே இல்லை. முந்திப் போனதற்காகப் பிரேதத்தின் மேல்தான் கோபப்படுவார்.

இரண்டாவது விளக்கத்துக்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப்போகிறோம் என்று கொழும்பில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். சில மாதங்களில், அது கூடிப்போய்விட்டது என்று அரைமணியைத் திருப்பி எடுத்தார்கள். மிச்ச அரைமணி பத்து வருஷம் அப்படியே நின்றது. அப்போது அரசாங்கத்தின் கைக்கு எட்டாமல் இருந்த வன்னிக்குள் நாங்கள் மணிக்கூட்டைத் தொடவேயில்லை. மின்சாரமே இல்லாத இடத்தில் எதை மிச்சம் பிடிப்பது? ஜாம் போத்தல் விளக்கையா? ஆகவே வவுனியாவில் ஆறரை என்றால் கிளிநொச்சியில் ஆறு. கலியாணமோ கூட்டமோ, யார் வந்து சொன்னாலும் எங்கள் முதல் கேள்வி, "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்பதுதான். சோதனைச்சாவடி தாண்டி வவுனியாவுக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையை எடுத்த கையோடு மணிக்கூட்டையும் அரைமணி முன்னுக்குத் திருப்புவார்கள். வரும்போது பின்னுக்குத் திருப்புவார்கள். பிறகு ஒருநாள் முழு நாடும் பழைய நேரத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தது. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். ஆனால் யாரும் எங்களுக்கு ஒரு சபாஷ் சொல்லவில்லை. அந்த அரைமணியை இன்னும் விட்டுக்கொடுக்காதவர் மிஸ்ஸி, அதுதான் இரண்டாவது விளக்கம்.

இனி என் கடைக்கு வாருங்கள். பரந்தன் சந்தியில் எனக்கு ஒரு கொமினிகேசன் இருக்கிறது. போட்டோகொப்பி எடுப்பேன், விண்ணப்பம் நிரப்புவேன், சாதகமும் அச்சடித்துக் கொடுப்பேன். பிறந்த திகதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஒருநாள் ஒரு தகப்பன் மகளுக்குச் சாதகம் எடுக்க வந்திருந்தார். எனக்குப் பின்னால் குடை ஒன்று மேசையில் 'டக்' என்று விழுந்தது.

"தம்பி, உந்தப் பிள்ளை என்ர கையில பிறந்தது. நேரம் சரி. ஆனா உந்தப் பெட்டி அதை எந்த நேரமெண்டு நினைக்குது?"

"கொழும்பு நேரம் மிஸ்ஸி. அது தானாப் போடும்."

"கொழும்பு நேரமோ? இஞ்ச ஒரு காய்ச்சல் குளிசை வாறதெண்டாலே அந்த நாளையில பாஸ் வேணும். நேரம் மட்டும் பாஸ் இல்லாம வந்திட்டுதோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் குடை கணினித் திரையை நோக்கித் திரும்பியது. கடையில் இருப்பது ஒரேயொரு திரை. நான் எழுந்து குறுக்கே நின்றேன்.

"உது அரைமணி முந்திக் காட்டுது. அந்த நேரம் பிள்ளையின்ர தலைகூட வெளியில வரேல்லை, தாய் என்ர கையைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறா. பிறக்காத பிள்ளைக்கு நீர் சாதகம் எழுதுறீர்!"

அவர் சொன்னது உண்மை. அன்றைக்குத்தான் நான் உள்ளே தோண்டிப் பார்த்தேன். உலகத்தில் எந்த ஊர் எப்போது மணிக்கூட்டை எவ்வளவு மாற்றியது என்று ஒரு பெரிய அட்டவணை இருக்கிறதாம். யாரோ சிலர் பொறுமையாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கணினி, கைபேசி எல்லாம் அதைத்தான் கேட்டு நடக்கின்றன. அதில் எங்கள் நாட்டுக்கென்று இருப்பது ஒரேயொரு ஊர், கொழும்பு. கொழும்பு மாறினால் எல்லோரும் மாறினார்கள் என்று அர்த்தம். சேர்த்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வடக்கில் சில பகுதிகள் மாறவில்லை என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியானவர்கள் கல்கத்தா நேரத்தைப் பாவிக்கலாம், இரண்டும் ஒன்றுதானே என்பது அதன் சாரம். கணக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஓரக்குறிப்பை மனிதர்தான் வாசிப்பார்கள், கணினி வாசிக்காது. எங்கள் பத்து வருஷப் பிடிவாதம் அந்த ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

முதலில் நான் பிறந்த நேரத்தில் அரைமணியைக் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். மிஸ்ஸி விடவில்லை. "நான் எழுதிக் குடுத்த நேரத்தை மாத்த நீர் ஆர்?" என்று குடை கேட்டது. அதற்குப் பிறகு நேர வலயப் பட்டியலில் கல்கத்தாவைத் தெரிந்தெடுத்து அச்சடித்தேன். தலைப்பில் சின்ன எழுத்தில் 'நேரம்: கல்கத்தா' என்று வரும். அதை மட்டும் மிஸ்ஸியின் கண்ணில் படாமல் மடித்துக் கொடுத்துவிடுவேன். இப்படியே எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு அமைதி நிலவியது.

மிஸ்ஸிக்குச் சாத்திரத்தில் அவ்வளவு நம்பிக்கையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"எனக்கோ? எத்தினை பிள்ளையளைத் தலைகீழாப் பிடிச்சு முதுகில தட்டியிருப்பன். ஒண்டின்ர தலையைச் சுத்தியும் ஒரு கோளையும் நான் காணேல்லை. உவை பொய் சொல்லுறதெண்டால் சொல்லட்டும். ஆனா என்ர நேரத்தை வைச்சுச் சொல்லேக்க அது என்ர நேரமா இருக்கவேணும்."

நாள்போக்கில் அவருடைய போர் கடைக்கு வெளியிலும் பரவியது. பரந்தன் பஸ் தரிப்பிடத்தில் இருபத்தைந்து வயதுக்கு அங்கால் இங்கால் யாரைக் கண்டாலும், "எங்க பிறந்தனீர்?" என்பார். பதிலைக் கேட்டதும் "அப்ப நீர் பழைய நேரம்" அல்லது "நீர் புதிய நேரம்" என்று தீர்ப்புச் சொல்லுவார். சாதி, சமயம், ஊர் எதையும் அவர் விசாரித்ததில்லை. மனித குலத்தில் அவருக்கு இந்த இரண்டு பிரிவுதான். ஒரு வங்கி உத்தியோகத்தர் பாவம், பஸ்ஸில் ஏறப்போன மனிதர், தன்னுடைய பிரச்சினையை வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நடுச்சாமத்தை ஒட்டிப் பிறந்தவராம். தாய் கிளிநொச்சியில் பழைய நேரத்தில் திங்கட்கிழமை பெற்றாராம். வவுனியாவில் நின்ற தகப்பனுக்கோ அப்போதே செவ்வாய் பிறந்துவிட்டதாம். வீட்டில் இன்றைக்கும் இரண்டு நாள் கேக்காம்.

"பெத்தவ எங்க கிடந்தாவோ அங்கத்த நேரம். கொப்பர் நோகவும் இல்லை, முக்கவும் இல்லை. அவரின்ர செவ்வாயைத் தூக்கி எறியும்," என்று மிஸ்ஸி தீர்ப்பளித்தார். அந்த மனிதர் இரண்டாவது கேக்கைக் கைவிட்டதாகத்தான் கேள்வி. பஸ்ஸையும் அன்றைக்குக் கைவிட்டார்.

இவ்வளவும் சிரித்துக்கொண்டே சொல்லலாம். தர்சிகாவின் விஷயத்தில்தான் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

தர்சிகா கண்டாவளைப் பிள்ளை, மிஸ்ஸியின் கையில் பிறந்தவள். தகப்பனுக்கு வயல். அவளுக்கும் வவுனியா நெளுக்குளத்தில் கைபேசி திருத்துகிற சுதன் என்ற பெடியனுக்கும் பேசி முற்றாகி, தாலிக்குப் பொன்னுருக்க நாள் பார்க்கிற கட்டத்துக்கு வந்திருந்தது. இரண்டு பேருக்கும் நல்ல விருப்பம். கைபேசிக்காரன் என்பதால் கதைக்கும் குறைவில்லை. அந்த நேரம் பார்த்து நெளுக்குளத்துச் சாத்திரியார் தன்னுடைய கணினியில் பெண்ணின் சாதகத்தைப் புதிதாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஏழாம் இடத்தில் செவ்வாய். சுதனின் தாய், ஏற்கெனவே கணவனை இழந்தவர், பயந்துபோனார். "எங்களுக்கு இது சரிவராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெண் சாப்பிடாமல் கிடந்தாள். அவளுடைய தாய் மிஸ்ஸியிடம் ஓடிவந்து அழுதார்.

மறுநாள் காலை மிஸ்ஸி என் கடைக்கு வந்தார். வழக்கத்தைவிட அரைமணி முந்தி வந்தார். விஷயம் பாரதூரமானது என்று எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

"கடையைப் பூட்டும். நெளுக்குளம் போறம்."

"நான் ஏன் மிஸ்ஸி?"

"பெட்டியோட கதைக்க ஒரு ஆள் வேணும். மனிசரோட நான் கதைப்பன்."

நெளுக்குளத்தில் சாத்திரியார் வீட்டு முன்னறையில் எல்லோரும் கதிரைகளில் இருந்தோம். சாத்திரியார், சுதனின் தாய், மிஸ்ஸி, நான். சுதன் மட்டும் கதவடியில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிஸ்ஸி பழைய நேரக் கதையைச் சொன்னார். சாத்திரியார் நல்ல மனிதர், ஆனால் புதுக் கணினிக்காரர்.

"மிஸ்ஸி, நான் பிழைவிடலாம். கொம்பியூட்டர் விடாது. அதுக்கு எல்லா ஊர் நேரமும் தெரியும்."

"அதுக்கு என்னைத் தெரியுமோ? அந்தப் பிள்ளை பிறக்கேக்க அது அங்க நிண்டதோ?"

நிலைமை கைமீறப் போகிறது என்று நான் எழுந்தேன். "ஐயா, ஒருக்கா விடுங்கோ" என்று கணினியின் முன் இருந்து, எனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தேன். நேர வலயம், கல்கத்தா. திரையில் கட்டங்கள் ஒருமுறை துள்ளின. லக்கினம் அடுத்த ராசிக்கு நகர்ந்தது. ஏழில் நின்ற செவ்வாய் ஆறாம் இடத்துக்குப் போய் நல்ல பிள்ளையாக இருந்துகொண்டது. சாத்திரியாரே "அட!" என்றார். அச்சடித்து எடுத்துச் சுதனின் தாயிடம் நீட்டினேன். சந்தோஷத்தில் மடிக்க மறந்துபோனேன்.

அவர் தலைப்பிலிருந்து வாசித்தார். முகம் மாறியது.

"கல்கத்தாவோ? பிள்ளை கண்டாவளையெண்டுதானே சொன்னனீங்கள். இவை இந்தியாவுக்குப் போயிருந்தவையோ? ஏன் எங்களுக்கு மறைச்சவை?"

"இல்லையம்மா, இது சும்மா நேரத்துக்கு..." என்று நான் தொடங்கினேன். அதற்குள் தாள் மிஸ்ஸியின் கைக்குப் போய்விட்டது. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் எத்தினை பிள்ளையளை உப்பிடிக் கல்கத்தாவில பெத்திருக்கிறீர்?"

அவர் தாளை நாலாகக் கிழித்தார்.

"மிஸ்ஸி, அது சரியான சாதகம்! கணக்குச் சரி!" என்று கத்திவிட்டேன். "கலியாணம் குழம்பப் போகுது!"

"குழம்பக்கூடாது. ஆனா பொய்யிலயும் நடக்கக்கூடாது. நேரத்தை மாத்து, இல்லாட்டி இடத்தை மாத்து எண்டுறியள். ரெண்டையும் மாத்தமாட்டன். அந்தப் பிள்ளை கண்டாவளையில, பின்னேரம் ஐஞ்சே காலுக்கு, எங்கட மணிக்கூட்டுக்குப் பிறந்தது."

அவருடைய குரல் அப்போதுதான் கொஞ்சம் தாழ்ந்தது. நான் அவரை அறிந்த காலத்தில் முதல் தடவை.

"அண்டைக்கு எங்களிட்ட என்ன இருந்தது சொல்லுங்கோ. கைகழுவச் சவுக்காரம் இல்லை. நூல் இல்லை. பிள்ளையைச் சுத்த ஒரு புதுத்துண்டு இல்லை, என்ர சீலையைத்தான் கிழிச்சனான். இருந்ததெல்லாம் சுவரில ஒரு மணிக்கூடு. அந்தப் பிள்ளையளுக்கு நான் குடுத்த முதல் சாமான் அந்த நேரம் ஒண்டுதான். அதையும் கொழும்புக்கோ கல்கத்தாவுக்கோ குடுக்கச் சொல்லுறியளோ? குடுக்கமாட்டன்."

மிஸ்ஸி சுதனின் தாயின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உங்கட தாய் வீடு எங்க?"

"கிளிநொச்சி."

"அந்த நாளையில தாயைப் பாக்கப் போய் வாறனீங்களோ?"

"பாஸ் கிடைச்சால் போவன்."

"வவுனியாவுக்குத் திரும்பி வரேக்க, சோதனைச்சாவடியில மணிக்கூட்டை என்ன செய்யிறனீங்கள்?"

சுதனின் தாயின் வலது கை தானாகப் போய் இடது கை மணிக்கட்டைப் பிடித்தது. இரண்டு விரல்கள் அங்கே இல்லாத ஒரு சின்னத் திருகியை மெல்லத் திருப்பின. அந்த மணிக்கட்டில் இப்போது மணிக்கூடே கிடையாது. நாங்கள் எல்லோரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முன்னுக்குத் திருப்புவன்," என்றார். "அரைமணி. போகேக்க பின்னுக்கு. அம்மா வாசலில நிண்டு, 'பழைய நேரம் வைச்சிட்டியோ?' எண்டு கேட்டுட்டுத்தான் தேத்தண்ணி தருவா." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு சாத்திரியாரைப் பார்த்து, "ஐயா, மிஸ்ஸி சொல்லுறது உண்மை. உங்கட கொம்பியூட்டருக்குத்தான் தெரியேல்லை," என்றார்.

"தெரியேல்லையெண்டால் நான் என்னம்மா செய்ய?" என்று சாத்திரியார் கைவிரித்தார். "கொழும்பு, இல்லாட்டிக் கல்கத்தா. அவ்வளவுதான் கிடக்கு."

அந்த நேரம்தான் கதவடியில் நின்ற மாப்பிள்ளை வாயைத் திறந்தான். "ஐயா, நான் ஒருக்காப் பாக்கட்டோ?"

கணினியின் முன் இருந்து, அந்த நேர வலயப் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டு போனான். எத்தனை வருஷமாக அந்தப் பட்டியலைத் திறந்திருக்கிறேன், கல்கத்தாவைக் கண்டதும் 'க'வோடு நின்றுவிடுவேன். அவன் நிற்கவில்லை. உலகத்து ஊர்கள் எல்லாம் போய்க்கொண்டே இருந்தன. கேட்டிராத தீவுகள் எல்லாம் போயின. கலியாண ஆசை இருக்கிறவன் எவ்வளவு தூரமும் உருட்டுவான். கடைசியில், எல்லா ஊர்களும் முடிந்த இடத்தில், ஒரு சொல் கிடந்தது: 'வேறு'. அதை அழுத்தினான். இரண்டு வெற்றுப் பெட்டிகள் வந்தன. ஒன்றில் நேர வித்தியாசத்தைக் கையால் அடித்தான். மற்றது பெயர். அதில் என்ன போடுவது என்று தெரியாமல் மிஸ்ஸியைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறீர்? கண்டாவளை எண்டு போடும்!"

அச்சடித்து வந்தது. நேரம்: கண்டாவளை. செவ்வாய் ஆறில். பிறந்த நேரம் ஐந்தே கால், ஒரு நிமிடமும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மிஸ்ஸி தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார், தூரப் பிடித்தும் வாசித்தார். பிறகு "உதில சொல்லியிருக்கிற பலன் முழுக்கப் பொய். ஆனா தலைப்புச் சரி," என்று சொல்லிச் சுதனின் தாயிடம் கொடுத்தார். சாத்திரியார் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

கலியாணம் கண்டாவளையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேளம், சனம், வீடியோக்காரன், எல்லாம் இருந்தது. மிஸ்ஸி மட்டும் இல்லை. ஐயர் தாலியைக் கையில் எடுத்துவிட்டார். மணப்பெண் மணவறையில் இருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ்ஸி வந்தாத்தான்," என்றாள் மெதுவாக. ஐயர் மணிக்கூட்டைக் காட்டினார்.

"முகூர்த்தம் முடியப்போகுதம்மா. இனிப் பொறுக்கேலாது."

பெண்ணின் தாய் பதறினார். பெண்ணின் தகப்பன் வாசலுக்கு ஓடினார். மாப்பிள்ளையின் தாய் மட்டும் அசையவில்லை. இடது மணிக்கட்டை ஒருமுறை தடவிக்கொண்டு, சபை முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"அவசரப்படாதேங்கோ ஐயா. பழைய நேரத்துக்கு இன்னும் அரைமணி கிடக்கு."

ஐயர் வயதானவர், எங்கள் பக்கத்து மனிதர். நாடு முழுக்க இப்போது ஓடுவதே பழைய நேரம்தான் என்று அவருக்கும் தெரியும். தலையைச் சொறிந்தார். யோசித்தார். பிறகு தாலியைத் தட்டில் வைத்துவிட்டு, மேளகாரரைப் பார்த்து "இன்னும் ஒண்டு வாசியுங்கோ" என்றார்.

இரண்டாவது உருப்படி முடிகிற நேரம் மண்டப வாசலில் கறுத்தக் குடை தெரிந்தது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, வழியில் நின்றவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. தாலி ஏறியது. மிஸ்ஸி குடையை மடியில் வைத்து, மேளத்தின் சத்தத்துக்குள் என் காதுக்குக் கிட்டக் குனிந்து, ஒருநாளும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, பிந்திப்போட்டனோ?"

"இல்லை மிஸ்ஸி," என்றேன். "சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறியள்."